சைக்கிளுக்குப் பின்னால் போனவள்

மணிமொழி விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வாள். விளக்கைப் போடமாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே போய் முதலில் ஃபேனை நிறுத்துவாள். றெக்கைகள் உடனே நிற்காது. சலித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுற்றி, ஒரு முனகலோடு அடங்கும். அதுவரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அறையில் காற்று முழுக்க அடங்கிய பிறகு புருஷனின் தலைமாட்டில் வந்து குனிந்து, புறங்கையை அவர் மூக்குக்குக் கீழே தொட்டும் தொடாமலும் பிடிப்பாள். உள்ளங்கை ஆகாது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தையல்காரியின் உள்ளங்கைக்கு மெல்லிய காற்றெல்லாம் பிடிபடாது. புறங்கைதான் சொல்லும். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து மோதும். அதோடு எடுத்துவிடமாட்டாள், அடுத்ததும் வரவேண்டும். அதுவும் வந்த பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போவாள்.

வீரமுத்துவுக்கு இது தெரியாது. காலையில் கையைச் சொறிந்துகொண்டே, "தெனம் விடிகாலையில கரண்ட்டு புடுங்கிர்றான். கொசுவுக்கும் அவனுக்கும் இன்னா ஒப்பந்தமோ" என்பார். மணிமொழி காப்பியை நீட்டுவாள்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார் வீரமுத்து. ஊர் மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு மனு கொடுக்க வருகிற கூட்டம் ஜாஸ்தி. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நாற்காலிதான். போன வருஷம் ஆடியில் ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மணிமொழி வாயு என்றாள். ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தாள். பூண்டு சுட்டுக் கொடுத்தாள். தெருமுனைக் கடையில் சோடா வாங்கிவந்து, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று உடைத்துக் கொடுத்தாள். வேர்வையில் சட்டை நனைந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "ஏம்மா இவ்ளோ நேரம் வூட்லயே வெச்சிருந்தீங்க" என்று கேட்டார். திட்டவில்லை, சும்மாதான் கேட்டார். ஸ்டென்ட் வைத்து, ஆள் தேறி, பழையபடி கடைக்கும் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் மணிமொழிக்குள் கிடந்தது. எங்காவது பெட்டிக்கடையில் சோடா உடைக்கிற சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிட்டு அந்தப்பக்கம் நகர்ந்துவிடுவாள். வீரமுத்து அதைப் பார்ப்பார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

நடக்கலாம், மெதுவாக சைக்கிளும் விடலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஷாலினி ஒரு கியர் சைக்கிளை வாங்கி அனுப்பினாள். அதில் வந்தது வினை. முதலில் தெருவைச் சுற்றினார். பிறகு ஏரிக்கரை. பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் போகாத பாதையாகப் பார்த்து, கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவில் போகிற ஒற்றைத் தார்ரோடுகளில் நுழைந்து எங்கெங்கோ போய்விட்டு வந்தார். வரும்போது முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள், "வெள்ளிமலை வரைக்கும் ஒரு தபா மிதிச்சுட்டு வந்துடணும் மொழி" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாதக்கணக்கில் முடியாது என்றாள். அவர் விடவில்லை. ட்ரெட்மில் டெஸ்டில் தேறிவிட்டேன் என்றார். ஷாலினியை விட்டுப் பேசச் சொன்னார். கடைசியில் மணிமொழி இரண்டு கண்டிஷன் போட்டாள். ஒன்று, அவளும் எக்செல் வண்டியில் பின்னாலேயே வருவாள். அவள் ஒரு ஆரன் அடித்தால் அவர் உடனே வலது கையைத் தூக்கிக் காட்டவேண்டும்.

இன்னொன்றை அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னாள். "வழியில உக்காந்து தண்ணி குடிங்க, டீ குடிங்க, வேணான்னு சொல்லல. ஆனா ஓட்டிக்கினு போறப்ப முடியலன்னு எறங்கிட்டீங்கன்னா, அதோட சைக்கிளு கெடையாது."

"எறங்கி நடந்தாவே கெடையாதா?"

"நடந்தாவே கெடையாது."

"செரி" என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, பனி விலகுவதற்குள் கிளம்பினார்கள். எக்செல்லின் முன்பக்கத்தில் கூடை. அதில் தண்ணி பாட்டில், குளுக்கோஸ், துண்டு, எலுமிச்சம் சாதம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மட்டும் அவள் இடுப்புப் பர்ஸில் இருந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் மிதிக்கிற வேகத்துக்கு எக்செல்லை ஓட்டுவது பெரும்பாடு. முறுக்கினால் முந்திவிடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. வண்டி புடுபுடுவென்று குறைப்பட்டுக்கொண்டே வந்தது. கரும்புக் கொல்லைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றி வேடிக்கை பார்த்தார். "இன்னாண்ணே, சண்ட போட்டுக்கினு வூட்ட வுட்டு கெளம்பிட்டியா? அண்ணி வுடாம தொரத்திக்கினு வருது" என்றார்.

"தொரத்தல, ஓட்டிக்கினு வருதுபா, ஆட்ட ஓட்ற மாதிரி" என்று வீரமுத்து திரும்பாமலே கத்தினார்.

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சுக் கொடுத்தால் மூச்சு வீணாகும் என்று பட்டது. ஆரன் அடித்தாள். வலது கை உயர்ந்து இறங்கியது.

கோமுகி அணையில் உட்கார்ந்து தண்ணி குடித்தார்கள். அங்கிருந்து மலைரோடு ஆரம்பம். சத்தம் குறைந்து, காற்றில் பச்சைவாசம் ஏறியது. வீரமுத்து கியரை மாற்றி, உட்கார்ந்த வாக்கிலேயே மெதுவாக மிதிக்கத் தொடங்கினார். சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத வேகம். எக்செல் சத்தத்தில் அவர் மூச்சு அவளுக்குக் கேட்கவில்லை. அதனால் முதுகைப் படித்தாள். சட்டையில் வேர்வை முதலில் பிடரிக்குக் கீழே ஒரு வெற்றிலை அளவுக்கு இருந்தது. அடுத்த வளைவில் வாழை இலையானது. பிடரி சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? அன்றைக்கு ஆட்டோவில் அவர் கழுத்து சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இப்போது சிவப்புதான். சிவப்பு நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு வளைவில் அவருடைய இடது கை ஹேண்டில்பாரை விட்டு நெஞ்சுப்பக்கம் போனது. ஆரனை அழுத்தியே பிடித்தாள். அவர் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் எரிச்சலோடு தூக்கிய கை. மரத்திலிருந்த குரங்குகள் ஆரன் சத்தத்தில் கலைந்து ஓடின. எதிரே வந்த பஸ் டிரைவர் வழிவிடச் சொல்கிறாள் என்று நினைத்து ஒதுங்கினார்.

பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தால் சமவெளி மொத்தமும் விரித்துப்போட்ட ப்ளவுஸ் துணி மாதிரி கிடந்தது. அவள் பார்க்கவில்லை. பிறகு ஷாலினி போனில் "மேலேயிருந்து எப்டி இருந்துச்சும்மா?" என்று கேட்டபோது, அவர் சட்டை முதுகைத் தவிர எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

அவர் இறங்கவில்லை. ஓட்டத்தில் ஒரு இடத்திலும் காலை ஊன்றவில்லை. வெள்ளிமலைக்கு வந்து ஆயம்மாள் என்கிற மலைக்காரம்மாவின் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவருக்குக் கால்தான் நடுங்கியதே தவிர பேச்சு நிற்கவில்லை. டீ வந்ததும் மணிமொழி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆயம்மாள் அதைக் கவனித்துவிட்டு, அவர் ஏதோ நோயாளி, மலைக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எந்த வைத்தியரிடம் போகிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். வீரமுத்து, "வைத்தியர் கூடவே வந்துருக்குதும்மா. பீஸ்தான் ஜாஸ்தி" என்று மணிமொழியைக் காட்டினார். அப்போதுதான் அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

டீ குடித்த தெம்பில் கரியாலூர் வரை போய்வரலாம் என்றார். மேட்டுநிலத்தில் ரோடு அலைமாதிரி ஏறி இறங்கிப் போனது. இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை, பலாமரம், ஓட்டுவீடுகள். வண்டியே வரவில்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் வந்த வேகம் அவரை அடுத்த மேட்டில் பாதிக்குமேல் ஏற்றிவிட்டது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி ஏதோ கத்திக்கொண்டே போனார். மணிமொழி ஆரன் அடிக்க மறந்துபோனாள். திரும்புகிற வழியில், கஷ்டமெல்லாம் முடிந்தது என்றுகூட நினைத்தாள். இனி இறக்கம்தான். இறக்கத்தில் மிதிக்கவேண்டியதில்லை. மிதிக்காதபோது நெஞ்சுக்கு என்ன வேலை?

மலை இறங்க ஆரம்பித்த கொஞ்ச தூரத்தில் அவர் அவளை விட்டு விலகிப் போனார். எக்செல்லை அவள் பயந்து பயந்து ஓட்டினாள். அவர் ஒரு வளைவில் மறைந்து, அடுத்ததில் தெரிந்தார். அந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆரன் அடித்தாள். கை உயரவில்லை. கேட்டிருக்காது என்று மறுபடியும் அடித்தாள். கை உயரவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்பு ஒரு தினுசாக விறைத்திருந்தது. ஒரு கால் செருப்பு ரோட்டில் இழுபட்டது. அவள் விடாமல் அடித்துக்கொண்டே போனாள். எதிரே கூர்மையான வளைவு. இடதுபக்கம் பள்ளத்தாக்கு, வலதுபக்கம் மலைச்சரிவு. சைக்கிள் வளைவில் திரும்பவில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து, வலதுபக்கச் சாக்கடைக்குள் இறங்கி, உண்ணிச்செடிப் புதரில் போய்ச் சொருகியது.

அவள் எக்செல்லை ஸ்டாண்டு போட்டாளா, அப்படியே போட்டுவிட்டு ஓடினாளா தெரியாது. அவர் புதரில் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது. கன்னத்தில் முள் கீறிய கோடு. சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் புறங்கை தானாகவே அவர் மூக்குக்கு அடியில் போனது.

"நெஞ்சா? இன்னாங்க, நெஞ்சா?"

அவர் கையை நீட்டி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அந்த உள்ளங்கையைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார் என அவள் நினைத்தாள். ரத்தம் இல்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நெஞ்சுதானே?" என்றாள் மறுபடியும்.

"ஆமா மொழி" என்றார். "ஒரு மாதிரி கிர்ருனு வந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

இடுப்புப் பர்ஸிலிருந்து மாத்திரையை எடுத்துப் பிரித்தாள். எப்போதும் ஒரு குரோசின் போடவே ஆயிரம் கேள்வி கேட்கிறவர், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, தள்ளிக்கொண்டே நடக்கலாம் என்றார். அதைச் சொன்னபோது அவளை நேராகப் பார்க்கவில்லை. கையில் அடித்துக் கொடுத்தது இருவருக்குமே நினைவிருந்தது.

மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி வந்தது. அய்யப்பன் என்கிற டிரைவர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சைக்கிளைத் தூக்கி மூட்டைமேல் போட்டான். முன்னால் உட்காரச் சொன்னான். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் வருகிற அவளுக்கு முகம் தெரியாது. மணிமொழி முடியாது என்றாள். வீரமுத்து தானாகவே பின்னால் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மலையடிவாரம் வரைக்கும், சமவெளி முழுக்க, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். மாத்திரை கொடுத்த தலைவலியில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவள் ஆரன் அடிக்காதபோதும் அவ்வப்போது வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

ஈசிஜி நன்றாக இருந்தது. இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. களைப்பாக இருக்கலாம் என்றார்கள். வெறும் களைப்புக்கா ஒரு ஆள் வளைவைப் பார்க்காமல் போய்ப் புதரில் விழுவார்? மணிமொழிக்கு ஆறவில்லை. மறுநாள் அவர் ஹேண்டில்பாரை நிமிர்த்திக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தார். வந்ததும் அவள் அதைத் தன் தையல்கடைக்குப் பின்னால் நிறுத்தி ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். "இனிமே இது வேணாம்" என்றாள்.

"செரி" என்றார்.

அந்த ஒற்றை வார்த்தைதான் அவளைப் போட்டு அறுத்தது. உப்பு கம்மி என்றால்கூட ஒரு மணி நேரம் வாதாடுகிறவர், கோர்ட்டு எதிரிலேயே இருந்து வக்கீல் பாஷை பழகியவர், இதற்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? டாக்டர் அவரிடம் தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறாரா? அவள் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் இன்னொரு டாக்டரிடம் போனாள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டர், "நெஞ்சு நல்லா வேலை செய்யுதும்மா, சைக்கிள்கூட ஓட்டலாம்" என்றார். மணிமொழி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது.

வீரமுத்து கோர்ட்டு மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடந்துவிட்டு வரும்போது முகம் சும்மா முகமாக இருந்தது. மாடிக்கு வந்தால் மலைக்கு முதுகைக் காட்டி, கிழக்குப் பக்கமாக நின்றுகொண்டார். மணிமொழி இப்போது நடுராத்திரியிலும் ஒருமுறை எழுந்து ஃபேனை நிறுத்தினாள்.

தை மாதம், பொங்கல் கழிந்து, மணலூர்பேட்டையிலிருக்கும் மணிமொழியின் தம்பி மகன் காலேஜுக்குப் போக சைக்கிள் கேட்டான் என்று செய்தி வந்தது. கேட்டதும் வீரமுத்து, "குடுத்துரு, நிக்க வெச்சு துருப்புடிக்கறதுக்கு" என்றார். அவர் கடைக்குப் போன பிறகு மணிமொழி போர்வையை எடுத்தாள். இரண்டு டயரிலும் காற்று இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு ரோட்டிலிருக்கும் வெற்றிவேலின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெற்றிவேல் சைக்கிளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். காற்றடிக்க வால்வு மூடியைக் கழற்றிக்கொண்டே, அண்ணன் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டான். நெஞ்சுக்கு முடியவில்லை, மலையில் மயங்கி விழுந்துவிட்டார், அதனால் நிறுத்தியாச்சு என்று அவள் சொன்னாள். அவன் கை நின்றது.

"நெஞ்சா? பிரேக்கு புடிக்காம வுழுந்தன்னுதானேண்ணி சொன்னாரு. மறுநாளே எடுத்தாந்தாரே. ரிம்மு ரெண்டும் பூரா மெஷின் ஆயிலு. பளபளன்னு இருக்குது, பிரேக்கு ரப்பரு எப்டி புடிக்கும்? ஏத்தத்துல தெரிஞ்சிருக்காது, எறக்கத்துலதான காட்டும். சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சு, நாலு ரப்பரையும் மாத்திக் குடுத்தன்."

மணிமொழி கடை வாசலிலேயே நின்றாள். மலைக்குப் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சரஸ்வதி பூசை. வருஷா வருஷம் செய்கிற மாதிரி தையல் மெஷின்களையெல்லாம் கழற்றி ஆயில் விட்டுத் துடைத்தாள். கையில் அந்த ஆயில் துணி இருந்தது. பக்கத்தில் அவருடைய சைக்கிள் சேறு காய்ந்து நின்றது. அதுவும் பூசைக்குச் சாமானம்தானே என்று சேற்றைக் கழுவிவிட்டு, அதே துணியால் கம்பி கம்பியாக, சக்கரத்து வளையத்தை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துத்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவர் அப்போது கோர்ட்டு எதிரில் டைப்பிங் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

சக்கரத்து வளையத்தை விரலால் தடவிக்கொண்டே, "யாரு ஆயில் போட்டதுன்னு கேட்டியா?" என்றாள்.

"கேக்காம? எந்தப் புத்திசாலி போட்டதுன்னு கேட்டன்" என்றான் வெற்றிவேல், பம்பை வால்வில் மாட்டிக்கொண்டே. "அவரேதான் போட்டாராம்ண்ணி. வூட்ல சொல்லிடாதடா, சிரிப்பாங்கன்னாரு."